முத்தத்துக்கு மட்டும் ரிமோட்டா?

அன்புள்ள பெற்றோரே, ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி.யில் படம் ஓடுகிறது. நாயகன் நாயகியின் முகத்தருகே குனிந்தால் போதும், உங்கள் கை ரிமோட்டைத் தேடும். சேனல் மாறும். அல்லது "போய் தண்ணி எடுத்துட்டு வா" என்று பிள்ளை சமையலறைக்கு அனுப்பப்படும். அதே நாயகன் அதே நாயகியைப் பளாரென்று அறைந்தால்? கை அசைவதில்லை. சில வீடுகளில் கைதட்டலும் உண்டு. இந்த இரண்டில் எது பிள்ளையின் மனதில் தங்கினால் ஆபத்து என்று என்றைக்காவது யோசித்தீர்களா?

"இப்ப வர்ற படமெல்லாம் வெட்டு, குத்து, கெட்ட வார்த்தை. அந்தக் காலத்துப் படம்னா குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கலாம்." நீங்கள் அடிக்கடி சொல்வதுதான். தணிக்கை வாரியம்கூட இவ்வளவு தாராளமாகச் சான்றிதழ் கொடுப்பதில்லை. ரத்தம் இல்லை, முத்தம் இல்லை, அம்மா பாட்டு இருக்கிறது. அதனால் நல்ல படம். பிள்ளையை முன்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குக் கீரை ஆய்வீர்கள், போனைப் பார்ப்பீர்கள்.

அம்மா பாட்டிலிருந்தே தொடங்குவோம். 1992ல் வந்த 'மன்னன்' படத்தில் வரும் பாட்டு இன்றைக்கும் பள்ளி ஆண்டு விழாக்களில் ஒலிக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் கதை என்ன? விஜயசாந்தி ஒரு தொழிற்சாலையின் முதலாளி, திமிர் பிடித்தவர். தொழிலாளியான ரஜினி அவரை அறைகிறார், பிறகு அவருக்கே கணவராகிறார், அடக்குகிறார். கடைசியில் அந்தப் பெண் நிர்வாகத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுகிறார். சுபம். அவர் தொழிலாளிகளுக்குச் செய்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கெட்ட முதலாளி திருந்தினால் நல்ல முதலாளி ஆக வேண்டும். படத்தில் அவர் இல்லத்தரசி ஆகிறார். "நல்லா படிச்சு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற இடத்துக்கு வரணும்" என்று நீங்கள் தினமும் சொல்லும் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இது ரஜினி படத்தோடு தொடங்கியதும் அல்ல. 1972ல் 'பட்டிக்காடா பட்டணமா'வில் சிவாஜிக்கு வாய்த்த பட்டணத்து மனைவி ஜெயலலிதா. நாகரிகம் தலைக்கேறியவர் என்பதால் அடி வாங்கித் திருந்துகிறார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1991ல் அதே ஜெயலலிதா முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகாவது நம் சினிமா பாடத்தை மாற்றிக்கொண்டதா? 1999ல் 'படையப்பா' வந்தது. வெளிநாட்டில் படித்து, தனக்குப் பிடித்ததைத் தன் வாயாலேயே சொல்லும் நீலாம்பரி வில்லி. அவர் வீட்டில் வேலை செய்யும், தலைநிமிராத வசுந்தரா நாயகி. நடுவில் நின்று நாயகன் பெண்களை வகை பிரித்து வகுப்பெடுக்கிறார். இன்றைக்குப் பல இளம்பெண்கள் நீலாம்பரி பக்கம் நின்று விசிலடிக்கிறார்கள் என்றால் அதில் ரம்யா கிருஷ்ணனின் நடிப்புக்குப் பங்குண்டு. திரைக்கதை அதற்காக எழுதப்படவில்லை.

இன்னும் மோசமானது, நாம் கண்ணீர் விட்டுப் பார்த்த 'நாட்டாமை'. 1994ல் வந்த இந்தப் படம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தீர்ப்பு சொல்லும் காட்சி மீம்ஸாக அவர்கள் போன் வரைக்கும் வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு எதைப் பற்றியது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். கெடுத்தவனே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார் நாட்டாமை. அவன் குடும்பத்துக்கு 18 ஆண்டு ஊர்விலக்கம். அந்தத் தீர்ப்புக்காக நாட்டாமை சுடப்பட்டுச் சாகும்போது தியேட்டரே அழுதது. அழுதது அவருக்காக. அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆனது என்று நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 'நாட்டாமை'க்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1989ல், 'புதிய பாதை'யில் தன்னைக் கெடுத்த ரவுடியையே மணந்து திருத்தினார் நாயகி. அதற்கும் தேசிய விருது.

"படம்தானே, யார் அதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லப்போறாங்க?" என்று கேட்காதீர்கள். 2015ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே, பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு ஜாமீன் கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசச் சொல்லி உத்தரவானது. இந்தக் குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அழுத்திச் சொன்ன பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. படத்தைப் பார்த்துவிட்டு யாரோ உத்தரவு போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆலமரத்தடியில் ஒலித்த அதே எண்ணம் நீதிமன்றம் வரை நடமாடிக்கொண்டிருந்தது என்கிறேன். அந்த எண்ணத்துக்கு நாம் வீட்டில் ஞாயிறுதோறும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

அடுத்தது சிரிப்பு. 2007ல் வந்த 'சிவாஜி'யை நீங்கள் பழைய படம் என்றே நினைக்க மாட்டீர்கள். உங்கள் பிள்ளை பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட படம் அது. பக்கத்து வீட்டுக்காரராகச் சாலமன் பாப்பையா வருகிறார். அவர் மகள்கள் இருவரும் கருப்பு என்பதே நகைச்சுவை. அவர்களுக்கு வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரியின் மகள்கள் பெயர். தமிழாசிரியர் வகுப்பில் மரியாதையோடு சொல்லிக்கொடுக்கும் பெயர்களைத் திரையில் கேலிக்குக் கொடுத்தார்கள், நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். அதே படத்தில் ஒரு பாட்டுக்காக, வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் தோல் நிறத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் ரஜினி மேல் ஏற்றினார்கள். தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான கருப்பு மனிதரை வெளுக்க வைப்பதற்கு அவ்வளவு உழைப்பு! உங்கள் பெண்ணும் பையனும் என்ன நிறம்? அந்தக் காட்சியில் நீங்கள் சிரிக்கும்போது அவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இதற்கு உங்கள் கையில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அந்தக் காலம் அப்படி." இல்லை. எந்தக் காலமும் ஒரே மாதிரி யோசித்ததில்லை. 1968ல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது, பணக்காரனுக்குத் தன்னை விற்கப் பார்க்கும் தாயையும் தரகரையும் எதிர்த்து நின்ற கலைஞராகப் பத்மினி நடித்தார். 1978ல் ருத்ரய்யா எடுத்த 'அவள் அப்படித்தான்' படத்தில் ரஜினியே ஆணாதிக்கம் பிடித்த ஆளாக வருகிறார். படம் அவருக்குக் கைதட்டச் சொல்லவில்லை. 1986ல் 'மௌன ராகம்' படத்துக் கணவன், பிடிக்காத கல்யாணத்தில் மாட்டிக்கொண்ட மனைவியின் விருப்பமில்லாமல் விரலைக்கூட நீட்டுவதில்லை. என்ன வேண்டும் என்று கேட்கிறான், விவாகரத்து என்கிறாள், வக்கீலிடம் அழைத்துப் போகிறான். அதே படத்தில் கார்த்திக் துரத்தித் துரத்திக் காதலிப்பதும் இருக்கிறது. ஒரே படத்துக்குள்ளேயே இரண்டும். 1998ல், சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, ஈவ் டீசிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆகவே பெண்ணைத் துரத்துவது தவறென்று அந்தக் காலத்துக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டாம். தெரிந்தவர்கள் இருந்தார்கள். நாம் வேறு பக்கம் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தோம்.

இதைப் படித்துவிட்டு "நான் இந்தப் படம் எதையுமே காட்டறதில்லை, கார்ட்டூன் மட்டும்தான்" என்று நிமிர்ந்து உட்காரும் பெற்றோரே, உங்களையும் விடுவதாக இல்லை. நீங்கள் மூடிய கதவு வழியாகத்தான் வர வேண்டும் என்று படங்களுக்கு ஒன்றுமில்லை. 1991ல் வந்த 'குணா'வின் பாட்டு, 2024ல் ஒரு மலையாளப் படத்தின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகள் வாய்க்கு வந்து சேரவில்லையா? அது கடத்தி வந்த பெண் கடத்தியவன் மேலேயே காதல் கொள்ளும் கதை என்று யாராவது அவர்களுக்குச் சொன்னீர்களா? வெளியாகி 20 ஆண்டு கழித்து 'கில்லி' மறுபடி தியேட்டருக்கு வந்தபோது அது புதுப் படம்போல ஓடியது. பழைய சினிமா சாவதில்லை. அதில் இளையராஜா இருக்கிறார், நாகேஷ் இருக்கிறார், மனோரமா இருக்கிறார். அதை எல்லாம் பிள்ளைகளிடமிருந்து பறிக்கவும் நமக்கு உரிமை இல்லை. தடை போட்டால் அவர்கள் துண்டு துண்டாகப் போனில் பார்ப்பார்கள். பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்தில் உட்காருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பிரசங்கம் வேண்டாம். படத்தை நிறுத்தி நிறுத்தி வகுப்பெடுத்தால் அடுத்த வாரம் பிள்ளை உங்களோடு உட்காராது. ஒரு காட்சி உறுத்தினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அந்தப் பொண்ணுக்கிட்ட யாராவது கேட்டாங்களா?" "உன் கிளாஸ் பையன் இப்படிப் பின்னாடியே வந்தா நீ என்ன செய்வ?" பின்தொடர்வது 2013லிருந்து சட்டப்படி தனிக் குற்றம் என்பதைப் பெண்ணிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், பையனிடமும் சொல்லுங்கள். அவனுக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும். நடிகரைத் திட்ட வேண்டியதில்லை. "ஸ்டைல் சூப்பர், ஆனா பேசினது தப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லப் பிள்ளைகளால் முடியும். நமக்குத்தான் ரசித்தால் முழுவதையும் ரசிக்க வேண்டும் என்ற பிடிவாதம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பிள்ளையே வாய் திறந்து "இது தப்பு இல்ல?" என்று கேட்கும் நாள் வரும். அன்றைக்கு "படத்தைப் பாரு, பெரிய மனுஷி மாதிரி பேசாதே" என்று அடக்கிவிடாதீர்கள். படையப்பா நீலாம்பரியிடம் பேசியதும் கிட்டத்தட்ட அதுதான். உங்கள் வீட்டில் யார் அப்படிப் பேசுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.