கைப்பைக்குள் ஒரு கைத்துப்பாக்கி

பனியனுக்குப் புது மாடல் வருவது போலத் துப்பாக்கிக்கும் புது மாடல் வருகிறது. திருப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாடல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்துப் பட்டையை அரை அங்குலம் குறைத்து, கையில் ஒரு கோடு கூட்டி, சாயத்தை மாற்றிவிட்டால் அது புதிய சீசனுக்குரிய சரக்கு. அமெரிக்க நாட்டில் கைத்துப்பாக்கியையும் ஏறக்குறைய இவ்வாறே செய்கிறார்கள். ஜான் பிரௌனிங் என்பார் வடிவமைத்து, 1911-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படை ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியை இன்றைக்கும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, வாங்குபவரின் உள்ளங்கைக்குத் தக்கபடி பிடியைச் செதுக்கி, விசையின் இறுக்கத்தைக் கூட்டியோ குறைத்தோ, விரும்பிய நிறத்தில் பூச்சுக் கொடுத்து, ஆர்டரின் பேரில் செய்து தரும் பட்டறைகள் அங்கே உண்டு. புதிய மாடல் வந்தால் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி மடல் போகும். தீபாவளிக்குப் புதுத் துணி வந்திருக்கிறது என்று நம் தையற்கடைக்காரர் சொல்லும் அதே குரல்தான் அதிலும் இருக்கும்.

அது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள மத்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை ஒரு புதிய ரிவால்வரை அறிமுகம் செய்தது. பெயர் ‘நிர்பீக்’. அச்சமற்றவர் என்று பொருள். 2012 டிசம்பர் 16 இரவில் டில்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட மாணவிக்கு நாடு சூட்டிய பெயர் நிர்பயா. அந்தப் பெயரின் பொருளையே ரிவால்வருக்கும் வைத்தார்கள். .32 அங்குல விட்டம்; டைட்டானியம் கலந்த உலோகம்; எடை அரைக் கிலோ அளவே. பெண்களின் கைப்பைக்குள் அடங்கும் என்றார்கள். நகைப்பெட்டி போன்றதொரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அறிவிக்கப்பட்ட விலை ரூ.1,22,360.

பின்னர் 2021 அக்டோபரில் நாட்டிலிருந்த 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கான்பூர்த் தொழிற்சாலையும், நமக்கு அருகே திருச்சியில் 1966 முதல் இயங்கிவரும் துப்பாக்கித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. நிறுவனம் என்று ஆனபின் ஆர்டர் தேட வேண்டும், விற்றுக் காட்ட வேண்டும். 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ என்றொரு ரிவால்வரை அந்நிறுவனம் வெளியிட்டது. 50 மீட்டர் தொலைவு சுடலாம் என்பது அதன் பெருமை. பெண்களும் எளிதில் எடுத்துச் செல்லலாம் என்ற பேச்சு அப்போதும் செய்திகளில் அடிபட்டது.

இங்கேதான் எனக்கு ஐயம் எழுகிறது. ஒரு பெண்ணுக்கு வரும் ஆபத்து 50 மீட்டர் தொலைவிலா நிற்கிறது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டியவர்கள் அறிவார்கள்: பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், வேலை கொடுப்பவர், மணப்பதாக வாக்களித்தவர். அவர்கள் இருட்டில் பாய்ந்து வருவதில்லை. “என்ன கண்ணு, சாப்பிட்டாயா?” என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள்.

நம் ஊருக்கு இந்த ரிவால்வர் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்க்கலாம். நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் கூலி வாங்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். உண்ணாமல், உடுக்காமல், வீட்டு வாடகை கொடுக்காமல், ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் அவர் 245 நாள் உழைக்க வேண்டும். அதன் பிறகு உரிமம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி விண்ணப்பம், காவல்துறை விசாரணை. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி. இத்தனை கண்டிப்பும் தேவைதான் என்பதே என் கருத்து. ஆயினும் இதே சட்டம் இருபத்தோரு வயது நிரம்பாதவர் துப்பாக்கி வாங்குவதற்கு இடம் தரவில்லை. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் தோழியரில் எத்தனை பேருக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது? வெளி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும் வந்து இங்குள்ள விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆகிவிட்டது? யாருக்குக் காவல் மிகவும் வேண்டுமோ அவருக்கு இந்தக் கருவி சட்டப்படியே கிடையாது.

போகட்டும், வயதும் ஆயிற்று, பணமும் உண்டு, உரிமமும் வந்துவிட்டது என்றே கொள்வோம். கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவது எப்படி? பனியன் கம்பெனி வாசலில் பையைத் திறந்து காட்டாமல் வெளியே வரும் பெண்ணை யாரேனும் கண்டதுண்டா? சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்க்கும் கம்பெனிகள் இருக்கின்றன. ஒரு பீஸ் துணியை மறைத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று இவ்வளவு கவலைப்படும் வாசல் ரிவால்வரை உள்ளே விடுமா? கட்டிங் பிரிவிலும், பவர் டேபிளுக்கு நடுவிலும், செக்கிங் மேசைக்குப் பின்னாலும் நடக்கும் தொல்லைகளுக்கு ஆகவே இது உதவாது. இடையில் இருப்பது சாலை மட்டுமே.

சாலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட் என்பது இவ்வூர்க் கணக்கு. வெளியூரார் கேட்டால் சிரிப்பார்கள்; நமக்கு அது நாட்கூலியின் அளவுகோல். ஒன்றரை ஷிப்ட் முடியும்போது இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஷிப்மெண்ட் நெருக்கடி என்றால் இன்னும் நீளும். பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, கிளைச் சாலையில் திரும்பி, விளக்கு எரியாத கம்பங்களை எண்ணிக்கொண்டு வீடு சேர வேண்டும். இக்கல்லூரியில் பயிலும் எத்தனையோ பேரின் தாயும் தமக்கையும் நாள்தோறும் நடக்கும் வழி இது. விடுமுறையில் நம் தோழியர் பலரும் கைமடிக்கவும் பிசிர் வெட்டவும் போய் வருகிற வழியும் இதுவே. இங்கே வேண்டியது கம்பத்தில் எரியும் ஒரு விளக்கு, நேரத்துக்கு வரும் ஒரு பேருந்து, கூட நடக்க இரண்டு பேர். இவற்றை நகைப்பெட்டியில் வைத்து விற்க முடியாது. ஆகையால் இவற்றுக்குச் செய்தி மடலும் இல்லை, விளம்பரமும் இல்லை.

வீட்டையும் மறந்துவிடலாகாது. சனிக்கிழமை சம்பள நாள். அன்று இரவு எந்தெந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது வரிசை வீடுகளில் குடியிருப்போருக்குத் தெரியும். பீரோவுக்குள் ஒரு ரிவால்வர் இருந்தால் அந்தச் சாவி யார் கையில் இருக்கும்? மனைவியின் பாதுகாப்புக்கென்று வாங்கியது குடிபோதையில் மனைவியின் மீதே திரும்பாது என்று எந்த உரிமம் உறுதி கூறும்?

துப்பாக்கியின் பக்கம் நின்று பேசுவோர் அறிவிலிகள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் வாதம் உண்டு. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது. கற்பழிக்க முயல்பவனையோ அமிலம் வீச வருபவனையோ தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய நியாய சங்கிதையும் சொல்கிறது. இன்னும் ஒருபடி மேலே போய்க் காந்தியடிகளையே சாட்சிக்கு அழைப்பவர்களும் உளர். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய கரும்புள்ளி என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் எங்கே எழுதினார்? 1918-இல் கேடா மாவட்டத்தில் உலகப் போருக்கு ஆள் திரட்டுவதற்கென வெளியிட்ட துண்டறிக்கையில் எழுதினார். ஓர் இனம் முழுவதையும் அந்நியர் நம்பாமல் ஒதுக்கிய அவமானத்தைப் பற்றிய பேச்சு அது. அதைக் கொண்டுவந்து கைப்பை ரிவால்வருக்குச் சான்றிதழாக ஒட்டுவது பொருந்தாது. 1932 ஜனவரியில் இதே திருப்பூரில் தடியடிக்கு இடையிலும் கொடியை விடாமல் பிடித்து உயிர்நீத்த குமரனை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அவர் கையில் என்ன இருந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

சரி, துப்பாக்கி வேண்டாமென்றால் வேறென்ன என்ற கேள்வி நியாயமானது. விடை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை; எழுதியே வைத்திருக்கிறார்கள். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடாது என்று அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த தடையைச் செல்லாது என்றது. ஆனால் தடையை நீக்கியதோடு நில்லாமல் நிபந்தனைகளும் விதித்தது. இரவு ஷிப்டில் பெண்கள் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாகவே இருக்க வேண்டும். அந்த ஷிப்டில் வேலை செய்வோரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து அழைத்துவந்து மீண்டும் வீட்டில் கொண்டுபோய் விட வாகனம் வேண்டும். நுழைவாயிலில் பெண் காவலர் வேண்டும். பெண் தனியாக இருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டிருக்கிறது. ரிவால்வர் விற்பவரோ அவளைத் தனியாகவே விட்டுவிட்டுக் கையில் ஒரு கருவியைத் திணிக்கிறார்.

2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திண்டுக்கல் பகுதியில் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றைச் சார்ந்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளம்பெண் கொலையுண்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். அப்போது அங்கிருந்த பெண்கள் ஆயுதம் கேட்கவில்லை. தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்ற பெண்கள் தலைமையிலான சங்கத்தின் வழியாகக் குரல் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் சங்கமும் நிறுவனமும் வெளிநாட்டுக் கொள்முதலாளரும் சேர்ந்து கையெழுத்திட்ட ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ அதன் பயன். தையல் தளத்தில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே சிலரைக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்து, அத்துமீறலைக் கண்டதும் முறையிட வழி செய்தது அது. முறையிட்டவரைப் பழிவாங்க முடியாதபடி காப்பும் தந்தது. ஒரு பெண்ணின் உயிரைக் கொடுத்துத்தான் இதைப் பெறவேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான சட்டமும் இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. கம்பெனி வேனும் அச்சட்டத்தின் கண்ணில் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் நடத்தும் இடங்கள் நம்மைச் சுற்றி எத்தனை என்று எண்ணினால் அந்த உள்ளூர்க் குழுவின் தேவை விளங்கும். உள்ளகக் குழு அமைக்காத முதலாளிக்கு அபராதம் ஐம்பதாயிரம் ரூபாய் வரை. நிர்பீக் ரிவால்வரின் விலையில் பாதிகூட இல்லை! அபராதத்தை உயர்த்த வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இருக்கிற அபராதமாவது எத்தனை வாசல்களை எட்டியிருக்கிறது என்பதே முதற்கேள்வி.

இதே சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவு, குழுவை அமைத்த ஆணையையும், துன்புறுத்தினால் வரும் தண்டனையையும் எல்லோரும் காணும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று முதலாளியைப் பணிக்கிறது. அடுத்த விடுமுறையில் வேலைக்குப் போகும் தோழியர் வாசலில் பையைத் திறந்து காட்டும் அந்த நேரத்தில் அப்படியே தலையைத் தூக்கி, அந்தப் பலகை இருக்கிறதா, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் படிக்கும்படி இருக்கிறதா, அதிலுள்ள பெண்களைக் கம்பெனியில் யாருக்காவது தெரியுமா என்று பார்த்துவர வேண்டுகிறேன். கண்டதைக் கம்பெனியின் பெயர் போடாமல் எழுதித் தந்தால், எத்தனை வாசல், எத்தனை பலகை என்ற கணக்கை வரும் ஆண்டு மலரில் ஒரு பக்கமாக வெளியிடலாம்.