70 வளைவு... பழைய வண்டியை மாத்தலாமா, வேண்டாமா?

"மாத்திடலாம்னு சொல்லு கண்ணு... நீ சொன்னாத்தான் உங்க மாமா கேப்பாரு!"

செம்மேட்டிலிருந்து அத்தை போன் பண்ணியபோது ஆபீஸில் இருந்தேன். பிரச்னை, மாமாவின் டீசல் எஸ்.யூ.வி. 2015 மாடல், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. முதல் நாள் ராத்திரி, நாமக்கல்லில் அம்மாயியை ஹார்ட் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். காரவள்ளி தாண்டி மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஒரு வளைவில் ஓரங்கட்டி, இன்ஜின் ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருப்பு. பின்சீட்டில் 76 வயசு அம்மாயி. போனில் சிக்னல் இல்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள், டூர் போகிற நமக்கு ரீல்ஸ். அங்கே இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி.

"எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க மாமா" என்று நானும் சொன்னேன். அவர் ஒரு கணக்கு சொன்னார். பழைய வண்டிக்கு மூன்றரை லட்சம் தருவார்களாம். மீதிக்கு 9 லட்சம் லோன். 9.5% வட்டியில் 5 வருஷத்துக்குப் போட்டால், இ.எம்.ஐ சுமார் 18,900 ரூபாய். மொத்தம் கட்டுவது 11 லட்சத்து 34 ஆயிரம்.

"மிளகு வருஷத்துக்கு ஒருக்காதான் காசு குடுக்கும் கண்ணு. இ.எம்.ஐ மாசாமாசம் கேக்கும்ல?"

என்னிடம் பதில் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

நாமக்கல் லாரிகளின் ஊர். அங்கே நல்ல மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஒருவர் வண்டியை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வண்டி பழசானதால சூடாகல. ரேடியேட்டர் அடைச்சிருக்கு, வாட்டர் பம்ப் கசியுது. நல்லவேளை, உடனே நிறுத்திட்டீங்க, ஹெட் கேஸ்கெட் தப்பிச்சுது." அதோடு பிரேக் டிஸ்க், பேட், ஹோஸ் எல்லாம் மாற்ற 62,000 ரூபாய் எஸ்டிமேட். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், மலையில் ஓடும் வண்டிக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்றார்.

"அப்போ புது டீசல் வண்டி வாங்கினா தொல்லை இல்லைல்லண்ணா?" என்றேன். சிரித்தார். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ் 6 விதிக்குப் பிறகு, டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது. கொஞ்ச நேரமாவது தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரியும். தினமும் மலைமேலேயே நாலைந்து கிலோமீட்டர் மட்டும் உருட்டினால் அது அடைத்துக்கொள்ளும். புதுசு என்றாலே நம்பகம் என்ற என் எண்ணம் அங்கே உடைந்தது.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஓடினால், மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, சொந்த உபயோக காருக்கு ஆர்.சி 15 வருஷம் செல்லும். அதன்பின் சோதனையில் தேறினால் 5 வருஷம் நீட்டிக்கலாம். டெல்லியின் 10 வருஷ டீசல் கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை.

இரண்டு, தேய்ந்த பாகம் வேறு, தேய்ந்த வண்டி வேறு. ரேடியேட்டர், பிரேக் மாற்றக்கூடியவை. அடிச்சட்டம் துருப்பிடித்தாலோ, சரிசெய்த கோளாறே திரும்பத் திரும்ப வந்தாலோ, கொடுத்துவிடுவதே நல்லது.

மூன்று, கொடுப்பதாக இருந்தால் பெயர் மாற்றம் முடிந்ததா என்று பாருங்கள். ஆர்.சி-யில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸில் சேர்ந்த நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். அதைப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மாமா 62,000 செலவழித்தார். 2030 வரை ஓட்டுவது, மிளகு விற்றதும் ஒரு தொகையை வண்டிக்கென ஒதுக்குவது என்று முடிவு. அத்தை ஒரு கண்டிஷன் போட்டார். "இன்னொருக்கா வளைவுல நின்னுச்சுன்னா, அடுத்த நாளே வித்துப்போடோணும்!" மாமா தலையாட்டினார்.

போன வாரம் அம்மாயிக்கு மறு செக்கப். நானும் கூடப் போனேன். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று மாமா ஓட்டினார். திரும்பி ஏறும்போது நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியிலிருந்து அசையவே இல்லை. பின்சீட்டில் அம்மாயி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.