பால் பத்தலையா... யார் சொன்னது?

"டாக்டரம்மா, இவளுக்குப் பாலே பத்தலை. ஏதாவது லேகியம் கொடுங்களேன்!"

பிள்ளை பெற்ற பெண்ணை என்னிடம் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பேசுவது அம்மா, இல்லையென்றால் மாமியார். பெற்றவளோ ஏதோ தப்புப் பண்ணிவிட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். லேகியம் இருக்கட்டும், முதலில் நான் கேட்பது இதுதான்: "குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?"

தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தை, பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 தடவைக்குக் குறையாமல் வெளிர் நிறத்தில் சிறுநீர் கழித்தால், பொதுவாகப் பால் போதுமான அளவு போகிறது என்று அர்த்தம். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும். இந்த இரண்டும்தான் கணக்கு. மார்பு தளர்ந்திருக்கிறது, சாயங்காலமானால் வீறிடுகிறது, இப்போதுதான் குடித்தது மறுபடி கேட்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து, பாற்பெருக்கி மூலிகைகளை மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். மூத்தவன் பிறந்த நாலாம் நாள் ராத்திரி முழுக்க அழுதான். "பிள்ளைக்குப் பசிக்குதும்மா" என்றார் மாமியார், பாசத்தோடுதான். விடிந்ததும் பவுடர் பால் டப்பா வந்தது. புட்டியைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினான். வீடே நிம்மதியாயிற்று. அந்த மூன்று மணி நேரமும் என் மார்பில் குடிக்க ஆளில்லை. மறுநாள் இரண்டு புட்டி. நானும் பூண்டு, பால்சுறா என்று விடாமல் சாப்பிட்டேன். மூன்றாம் மாதம் பால் நின்றே போனது. படித்த சூரணம் எதுவும் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். அவ்வளவுதான் ரகசியம்! மார்பு காலியானால்தான் 'இன்னும் வேணும்' என்று உடம்புக்குத் தெரியும். ஆரம்ப வாரங்களில் பகலும் இரவுமாக 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டியிருக்கும். ராத்திரி கொடுப்பதைத் தவிர்க்காதீர்கள். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் கூடுதல். தண்ணீர்விட்டான் கிழங்கும் வெந்தயமும் முருங்கைக்கீரையும் இன்றைக்கும் நான் சொல்கிறவைதான். ஆனால் அவை துணைக்குத்தான். சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் சூரணம் வாங்க வேண்டாம்.

அடுத்த புகார் காம்பு வலி. குழந்தை காம்பை மட்டும் பிடித்துச் சப்பினால் வலிக்கத்தான் செய்யும், பாலும் சரியாக வராது. வாயை 'ஆ'வென்று பெரிதாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து, கருவளையத்தின் பெரும்பகுதி உள்ளே போகிற மாதிரி சேர்த்து அணையுங்கள். மோவாய் மார்பைத் தொட வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். வலித்தால் சுண்டு விரலை வாயோரம் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி முயலுங்கள். வெடிப்பு இருந்தால், குடித்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலையே தடவிக் காற்றாட விடலாம்.

பால் கட்டிக் கல் மாதிரி ஆகிவிட்டதா? கொஞ்சம் கையால் பீய்ச்சிவிட்டு, இளகியதும் குழந்தையை விடுங்கள். குடித்த பிறகு குளிர்ந்த ஈரத்துணி போடலாம். "மல்லிகைப்பூ வச்சுக் கட்டு, சரியாகும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பாலை வற்ற வைக்கிற வைத்தியம். பால் மறக்கடிக்கிறவர்களுக்குச் சொன்னதை, பால் கொடுக்கிறவள் செய்தால் என்ன ஆகும்? மார்பில் ஓரிடம் சிவந்து, வலித்து, குளிர் காய்ச்சலும் வந்தால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். என்னிடம் வந்தால் நானே அனுப்பிவிடுவேன். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தொட்டு வைப்பது போகவில்லை. ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையின் நரம்புகளை முடக்கிவிடும். 'பச்சை உடம்பு' என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதும் வேண்டாம். தாகத்துக்குக் குடிக்கட்டும், பசிக்குச் சாப்பிடட்டும்.

பால் மாவு, புட்டி விளம்பரங்களை 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வீட்டு ஆட்களின் வாயை எந்தச் சட்டம் தடுக்கும்? பெரியவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ராத்திரி குழந்தை அழுதால் 'பத்தலை' என்று சொல்லாதீர்கள். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வர வையுங்கள். துணி மாற்றுங்கள். அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துத் தூங்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே பால் குறைகிற தாய்மார்களும் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு போன்ற காரணங்கள் இருக்கும். அவர்களுக்குக் குழந்தை மருத்துவர் சொல்கிற அளவில் வேறு பால் சேர்ப்பதில் குற்றமில்லை, வெட்கமுமில்லை. சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் கூடிக்கொண்டே போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.