பழைய சீட்டை மறைக்காதீங்க மக்களே

1/ புது டாக்டரைப் பார்க்க வர்றவங்கள்ல நிறைய பேருக்கு ஒரு பழக்கம் இருக்கு. பழைய டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வீட்டிலேயே வெச்சுட்டு வருவாங்க. இல்லன்னா பைக்குள்ள இருக்கும், ஆனா வெளியே எடுக்க மாட்டாங்க. இது ஆபத்தான பழக்கம். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ மறைப்பதற்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒன்று, "இவரா கண்டுபிடிக்கிறாரான்னு பார்ப்போமே". ரெண்டு, "வேற டாக்டர்கிட்ட பார்த்தோம்னு தெரிஞ்சா திட்டுவாரு".

3/ முதல் காரணத்துக்கு என் பதில்: மருத்துவம் ஜோசியம் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பதில் பெரும்பகுதி நீங்க சொல்ற விவரத்தில் இருந்துதான் வருது. மருத்துவக் கல்லூரியில் நோயாளி முன்னாடி நிறுத்தியதும் முதலில் கற்றுத் தருவது ஸ்டெத் வைக்க இல்லை, ஹிஸ்டரி கேட்க. அந்த ஹிஸ்டரியில் பாதியை மறைத்துவிட்டு டாக்டருக்குப் பரீட்சை வெச்சா, ஃபெயில் ஆகப் போவது டாக்டர் இல்லை, உங்க உடம்பு.

4/ நேரமும் கம்மி. 2017ல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் 67 நாடுகளின் கணக்கு வந்தது. உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி வாழும் 18 நாடுகளில் ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் சராசரியா 5 நிமிஷம், அல்லது அதைவிடக் குறைவு. இந்தியாவும் அந்தப் பட்டியலில்தான். அந்த 5 நிமிஷத்தைக் கண்ணாமூச்சி ஆடி வீணாக்கலாமா?

5/ ரெண்டாவது காரணத்துக்கு நோயாளியைக் குறை சொல்ல மாட்டேன். அது எங்க தரப்புத் தப்பு. பழைய சீட்டைப் பார்த்ததும் முகம் சுளிக்கிற, "அவர்கிட்டயே போக வேண்டியதுதானே"ன்னு கேட்கிற டாக்டர்கள் இருக்காங்க. அது தப்பு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே செகண்ட் ஒப்பீனியன் கேட்பது உங்க உரிமைன்னு இருக்கு. இதுக்காகத் திட்டுகிற டாக்டரை மாத்துங்க. சீட்டை மறைக்காதீங்க.

6/ மறைத்தால் என்ன ஆகும்? இதயத்தில் ஸ்டென்ட் வெச்சு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுற ஒருத்தர் முட்டிவலிக்குப் புது டாக்டரிடம் போறார். "அது ஹார்ட்டு, இது முட்டி, எதுக்குச் சொல்லணும்"னு விட்டுடறார். டாக்டர் டைக்ளோஃபெனாக் எழுதறார். ரத்தத்தை உறையவிடாத ரெண்டு மாத்திரையோட வலி மாத்திரையும் சேர்ந்தா வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு எகிறும். மலம் கறுப்பா தார் மாதிரி போகும்போதுதான் தெரியவரும்.

7/ இன்னொன்று. ஒரே மருந்து நம்ம ஊரில் பல பிராண்ட் பெயரில் கிடைக்கும். பழைய டாக்டர் ஒரு பெயரில் கிளிமெபிரைடு கொடுத்திருப்பார். அது தெரியாம புது டாக்டர் வேற பெயரில் அதையே எழுதுவார். நோயாளி ரெண்டையும் போடுவார். விடியற்காலையில் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டி மயங்கிக் கிடப்பார். எமர்ஜென்சியில் வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்லுவாங்க.

8/ சரி, என்ன செய்யணும்? முதல் வேலை மஞ்சப்பை. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் அதில் போட்டு எடுத்துட்டு வாங்க. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்தது, மெடிக்கல்ல நீங்களா வாங்கினது, சித்தா சூரணம், கஷாயம், இன்சுலின் பேனா எல்லாமே. அட்டையை வெட்டும்போது மருந்துப் பெயரும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கிற பக்கத்தைக் கடைசி வரை வெச்சிருங்க. "வெள்ளையா, சின்னதா, ரவுண்டா இருக்கும் டாக்டர்" என்பது ஆயிரம் மாத்திரைக்குப் பொருந்தும்.

9/ "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"ன்னு கேட்டா "இல்லைங்க"ம்பாங்க. "பிபி, சுகர்?"னு கேட்டா "அது மட்டும்தான்"பாங்க. அதுவும் மாத்திரைதான் ஐயா! முடி வளர சாப்பிடற பயோட்டினையும் சொல்லுங்க. சில லேப் முறைகளில் அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாக்கும். இல்லாத நோய்க்கு மருந்து ஆரம்பிக்கிற நிலை வரலாம்.

10/ ரெண்டாவது, பேப்பர்கள். தேதி வாரியா, புதுசு மேலே. டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம். பழைய ஈசிஜியைப் போட்டோ எடுத்து வைங்க. அந்தத் தாளில் எழுத்து நாளாக ஆக மங்கிப்போகும். இன்னைக்கு எடுத்த ஈசிஜியில் தெரியும் மாற்றம் புதுசா பழசான்னு சொல்ல அந்தப் பழைய தாள்தான் சாட்சி.

11/ ஆஸ்பத்திரி ரெக்கார்டு தர மாட்டேங்குதா? 2002 மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளின்படி நீங்க கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். எழுத்தில் கேளுங்க.

12/ மூன்றாவது, நோயின் பெயரைச் சொல்லாதீங்க, என்ன செய்யுதுன்னு சொல்லுங்க. "கேஸ் ட்ரபிள்" என்று சொன்னால் கேஸ் மாத்திரை கிடைக்கும். "மாடி ஏறினா நெஞ்சை அழுத்துது, உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்தில் சரியாகுது" என்று சொன்னால் ஈசிஜி எடுப்பாங்க. ரெண்டும் ஒரே ஆள், ஒரே நெஞ்சு. சொன்ன விதம்தான் வேற.

13/ நான்காவது, டாக்டரைப் பார்க்கிற அன்னைக்கு பிபி மாத்திரையை நிறுத்தாதீங்க. "உண்மையான பிபி தெரியட்டும்"னு நிறுத்திட்டு வந்தா, ஏற்கனவே கேட்கிற மருந்து போதலைன்னு நினைச்சு டோஸ் கூட்டிடுவாங்க. வெறும் வயிற்று டெஸ்ட்டுன்னாலும் பிபி மாத்திரையைத் தண்ணியோட போடலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் மட்டும் சாப்பாட்டோட சேர்த்துத்தான். ரெண்டு நாள் பட்டினி கிடந்து சுகர் ரிப்போர்ட்டை அழகாக்கவும் முடியாது. ஹெச்பிஏ1சி கிட்டத்தட்ட 3 மாசத்துக் கணக்கைச் சொல்லிடும்.

14/ ஐந்தாவது, கூட வர்றவர். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவரைக் கூட்டிட்டு வாங்க, கார் ஓட்டத் தெரிஞ்சவரை மட்டும் இல்லை. அப்புறம் அம்மாவைப் பேச விடுங்க. "எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், சும்மா பயப்படுறாங்க"ன்னு மகன் சொல்லும்போது தலைகுனிஞ்சு இருக்கிற அம்மாவிடம், தனியா கேட்டா மூன்று மாசமா உதிரப்போக்குன்னு வரும். மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம் பட்டால் கட்டாயம் பரிசோதிக்கணும். மகன் முன்னாடி அதை எப்படிச் சொல்வாங்க?

15/ "படிக்காத ஜனங்களிடம் ஃபைல் எங்க டாக்டர் இருக்கும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் மஞ்சப்பையை முதலில் சொன்னேன். அதுக்குப் படிப்பு வேண்டாம். பாதிப் பொறுப்பு எங்களுடையது. அதே 2002 விதிகள் மருந்தின் ஜெனரிக் பெயரை, படிக்கிற மாதிரி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுது. கோழி கிளறின மாதிரி எழுதிட்டு நோயாளிக்கு விவரம் தெரியலைன்னு சலிச்சுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

16/ கடைசியா ஒண்ணு. எழுந்து வர்றதுக்கு முன்னாடி, "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க டாக்டர்"னு சொல்லிட்டு, பழைய மாத்திரையில் எதை நிறுத்தணும், எதைத் தொடரணும்னு ஒவ்வொன்றா கேளுங்க. நல்ல டாக்டர் இதுக்குக் கோபப்பட மாட்டார். அப்பா அம்மாவுக்கு அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் இருந்தா, இன்னைக்கே அந்த மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. ஒரே மருந்து ரெண்டு பெயரில் இருக்கான்னு பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படிங்க. இருந்தா டாக்டரிடம் போகும்வரை காத்திருக்காம உடனே போன் பண்ணிக் கேளுங்க.