ரெக்ஸ்டேலில் மந்தம் முடிந்த திகதி எது?

போன ஒக்ரோபர், நன்றி நவிலல் நாளன்று பிரம்டனில் பெரியப்பா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. மாமியின் மகன், வயது 19, ரெக்ஸ்டேலில் இருக்கிறான். "சமர் முழுக்க 80 இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பினனான். ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்றான். பெரியப்பா உடனே தொடங்கிவிட்டார். "நாங்கள் வந்த நேரம் பாஷையும் தெரியாது, குளிருக்குப் போட நல்ல ஜக்கெட்டும் இல்லை. வேலை எடுக்கேல்லையே? ரெக்ஸ்டேலிலயே கிடக்கிற சனத்துக்கு முன்னேற மனமில்லை, அதுதான் பிரச்சினை."

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். எனக்கு வலித்தது பேச்சு அல்ல. பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த என் அப்பா "அண்ணை சொல்றது சரி" என்று தலையாட்டினார். அப்பா இன்னும் ரெக்ஸ்டேலில்தான் இருக்கிறார். நான் பிறந்து வளர்ந்த அதே கட்டடம், கிப்ளிங் வீதி, 45ஆம் இலக்க பஸ்.

அந்தத் தலையாட்டல் பிழை என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

கனடாவில் பொருளாதார மந்தம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று சி.டி. ஹவ் நிறுவனத்தின் ஒரு குழு திகதி குறிக்கிறது. அவர்கள் கணக்கில் 90களின் மந்தம் 1990 மார்ச்சில் தொடங்கி 1992 மே மாதத்தில் முடிந்தது. அடுத்தது 2008 ஒக்ரோபரிலிருந்து 2009 மே வரை. கோவிட் மந்தம் 2020இல் வெறும் இரண்டு மாதம். நாட்டுக்கு இந்தத் திகதிகள் சரியாக இருக்கலாம். ஒரு வீட்டுக்கு, ஒரு தெருவுக்கு அப்படி முடிவதில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வருடம், 1987இல் வந்தவர்கள். ஒரே அப்பாட்மென்டில் மற்றப் பெடியன்களோடு தரையில் படுத்தவர்கள். பெரியப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு ஹைவே 27 பக்கம் ஒரு பிளாஸ்டிக் பக்டரியில். அந்த நேரம் பக்டரிதான் திறமான வேலை. மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் கூட. பெரியப்பாவே அங்கே மாறப் பார்த்தாராம், இடம் கிடைக்கவில்லை. அந்த இடம் கிடைத்திருந்தால் இன்று யார் யாருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

1989இல் அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இங்கே கிளை வைத்திருந்த பல அமெரிக்கக் கம்பனிகளுக்கு இனி எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பக்டரி தேவைப்படவில்லை. அதே நேரம் விலைவாசியை அடக்குவதற்காகக் கனடா வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. 1990இல் வங்கி வீதம் 14ஐத் தொட்டது. கனடிய டொலரும் ஏற, இங்கே செய்த சாமான் அங்கே விலைப்படவில்லை. ஒன்ராறியோவில் கதவுகள் வரிசையாக மூடின. ரெக்ஸ்டேல் இப்படியான பக்டரிகளை நம்பி இருந்த ஊர். 50களில் ரெக்ஸ் ஹெஸ்லொப் என்ற கட்டட முதலாளி வேலையும் வீடும் கிட்டக் கிட்ட இருக்கவேண்டும் என்று போட்ட ஊர் அது, பெயரும் அவருடையதுதான். வேலை போனபோது கிட்ட இருந்த வீடுகளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அப்பாவின் பக்டரி 1991இல் மூடியது. எனக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது அதற்குப் பிறகு வந்தது: விடிய ஐந்து மணிக்கு அப்பா கட்டடத்துக்கு வெளியே நின்று ஏஜென்சி வானுக்குக் காத்திருப்பது. சில நாள் ஆறு மணிக்கே திரும்பி வருவார். "இண்டைக்கு ஆள் காணுமாம்."

அப்பா கணக்குக் கொப்பி வைத்திருந்தார். ஏஜென்சிக்காரர் மணித்தியாலத்தை வெட்டுவார்கள் என்று தானும் எழுதி வைத்த நீலக் கொப்பிகள். தொழில் பழக்கம், போன மாதம் அதையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். 1992இலிருந்து 1999 வரை 23 வேலைத்தலங்கள். ஆகக் கூடிய காலம் ஒரே இடத்தில் நின்றது ஏழு மாதம். நிரந்தர வேலை கிடைத்தது 1999 செப்ரெம்பரில். எங்கள் வீட்டில் மந்தம் முடிந்த திகதி அதுதான். நாட்டின் திகதிக்கு ஏழு வருடம் பிந்தி.

சரி, பெரியப்பா? அவருடைய வேலை தப்பியது. இரவில் இரண்டாவது வேலையும் செய்தார். அவர் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொல்லாமல் விடும் ஒன்று இருக்கிறது. ரொறன்ரோப் பகுதியில் ஒரு வீட்டின் சராசரி விலை 1989இல் ஏறத்தாழ 273,000 டொலர். 1996இல் அது 198,000. பெரியப்பா வீடு வாங்கியது 1997இல். அப்பாவின் வேலையைத் தின்ற அதே மந்தம்தான் பெரியப்பாவுக்கு வீட்டை மலிவாக்கியது. வேலை இருந்தவனுக்கு அது கழிவு விற்பனை. வேலை போனவனுக்கு வங்கி மோட்கேஜ் தராது. இன்று அந்த வீட்டின் பெறுமதியை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு சகோதரர்களின் முப்பது வருட இடைவெளியில் பெரும்பகுதி அந்த ஒரு கொள்வனவில் இருக்கிறது.

அமெரிக்க நகரங்களில் மந்தத்தைக் கண்ணால் பார்க்கலாம். டிட்ரொயிட்டில் 1950இல் 18 இலட்சத்துக்கு மேல் சனம். 2010இல் ஏழு இலட்சம் சொச்சம். பலகை அடித்த ஜன்னல்கள், புல் வளர்ந்த காணிகள். அங்கே மந்தம் தெருவை வெறுமையாக்கும். ரெக்ஸ்டேலில் அது நிரப்பும். வாடகை கட்ட முடியாத குடும்பம் இன்னொரு குடும்பத்தோடு சேரும். மற்ற இடத்தில் வாடகை கூடினவர்கள் இங்கே வருவார்கள். இரண்டு அறை அப்பாட்மென்டில் ஒன்பது பேர் இருந்த காலம் எங்கள் வீட்டிலும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னலுக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குத் திரைச்சீலை, எல்லாம் ஒழுங்கு. ஆனால் லிஃப்ட் வருவதற்குப் பத்து நிமிடம்.

இது எங்கள் கட்டடத்துக் கதை மட்டும் இல்லை. 2004இல் யுனைட்டட் வே வெளியிட்ட ஆய்வின்படி ரொறன்ரோவில் வறுமை கூடிய அயற்பகுதிகள் 1981இல் 30, 2001இல் 120. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹல்சான்ஸ்கி 1970இலிருந்து வருமானக் கணக்கை வரைபடத்தில் போட்டார். 1970இல் நகரத்தின் மூன்றில் இரண்டு பங்கு அயற்பகுதிகள் நடுத்தர வருமானம் கொண்டவை. 2000இல் மூன்றில் ஒன்றுகூட இல்லை. சப்வேக்குக் கிட்ட இருந்த இடங்கள் ஏறின, வடமேற்கும் வடகிழக்கும் இறங்கின. வடகிழக்கு என்பது ஸ்காபரோ. வடமேற்கு நாங்கள். ஒரு நகரத்தின் இரண்டு மூலைகளில் இருந்த சனம் எல்லாம் ஒரே நேரத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்களா?

இன்னொன்றும் மாறியது. 1990 அளவில் வேலை இழந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் வேலையின்மைக் காப்புறுதி பெற்றார்கள். விதிகளை இறுக்கியபின், 90களின் முடிவில் பாதிப் பேர்கூட இல்லை. 1995இல் ஒன்ராறியோ வெல்ஃபெயார் காசையும் 21.6 வீதம் வெட்டியது. விழுந்தவனுக்குக் கீழே இருந்த பாயை உருவிவிட்டு, ஏன் எழும்பவில்லை என்று கேட்பதுதான் பெரியப்பாவின் கேள்வி. அவர் தெரிந்து கேட்கவில்லை. அப்பாவும் தெரியாமல்தான் தலையாட்டுகிறார்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் பொறியியலில் மாஸ்டர்ஸ் செய்தது ஆர்வத்தால் என்று சொந்தக்காரர் நினைக்கிறார்கள். 2010இல் பட்டம் முடித்தபோது எனக்கு வேலை கிடைக்கவில்லை, அதுதான் காரணம். மேலும் இரண்டு வருடம் படிக்க முடிந்தது அப்பாவின் வாடகை மலிவாக இருந்தபடியால். கனடாவில் மந்த காலத்தில் பட்டம் பெற்றவர்களைப் பற்றிப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபௌலஸும் மற்ற இருவரும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. தொடக்கச் சம்பளம் ஏறத்தாழ 9 வீதம் குறைகிறது, அது ஈடாகப் பத்து வருடம் வரை எடுக்கிறது, அதுவும் நல்ல கம்பனிக்கு மாறக்கூடியவர்களுக்கு. மாற முடியாதவர்களுக்கு அந்தத் தழும்பு நிற்கிறது. என்னால் மாற முடிந்தது. என்னோடு ரெக்ஸ்டேலில் படித்த எல்லோராலும் முடியவில்லை. அவர்களில் என்னைவிடக் கணிதத்தில் கெட்டிக்காரர் இருந்தார்கள்.

2025 செப்ரெம்பரில் கனடாவில் 15 முதல் 24 வயதுக்காரரில் வேலையின்மை 14.7 வீதம். கோவிட் காலத்தை விட்டால் 2010க்குப் பிறகு இதுதான் கூட. இதை யாரும் மந்தம் என்று அறிவிக்கவில்லை. ஆனால் 80 ரெஸ்யூமே அனுப்பிய மச்சானுக்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன?

அவனுக்கு வேலை வந்துவிட்டது. விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு கிடங்கில், ஏஜென்சி மூலம். பக்கத்தில் நின்று அதே பெட்டியைத் தூக்கும் நிரந்தர ஊழியருக்கு அவனைவிடக் கூடச் சம்பளம். ஏஜென்சி ஆளுக்கும் சமசம்பளம் என்ற சட்டம் இந்த மாகாணத்தில் 2018 ஏப்ரலில் வந்தது. அந்த ஜூனில் ஆட்சி மாறியது, வருட முடிவோடு சட்டமும் போனது. ஒன்பது மாதம். அடுத்த மாகாணத் தேர்தலில், 2022இல், ஒன்ராறியோவில் வாக்களித்தவர்கள் 44 வீதம். எங்கள் வீட்டில் பெரியப்பா மட்டும்தான் போட்டார். அதற்காக அவரை மெச்சவேண்டும்.

மச்சான் வேலைக்குப் போக முதல் நாள் இரவு அப்பாவிடம் வந்தான், பாதுகாப்புச் சப்பாத்து எங்கே மலிவு என்று கேட்க. அப்பா சப்பாத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய் எழுதாத நீலக் கொப்பி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். "தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம், ஒவ்வொரு நாளும் நீயும் எழுதிவை. அவங்கடை கணக்கை நம்பாதை."