உள்ளூர்ப் பயிற்றுநருக்கு எவ்வளவு காலம் தருவோம்?

இந்திய ஆடவர் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநராகக் காலித் ஜமீல் 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியமிக்கப்பட்டார். 170 பேர் விண்ணப்பித்த பதவி அது. இறுதிப் பட்டியலில் ஏற்கெனவே இந்திய அணியை நடத்திய ஆங்கிலேயரான ஸ்டீபன் கான்ஸ்டன்டைனும், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் தார்கோவிச்சும் இருந்தனர். 2012-இல் சாவியோ மெடெய்ரா விலகிய பிறகு, 13 ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியரிடம் அப்பொறுப்பு வந்தது. வரவேற்பு பலமாகவே இருந்தது.

நான்கு மாதங்களில் காற்றின் திசை மாறிவிட்டது. அக்டோபர் 14-இல் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதால் 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பு பறிபோயிற்று. நவம்பர் 18-இல் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்ற தோல்வி. அந்நாட்டிடம் இந்தியா தோற்றது 22 ஆண்டுகளில் இதுவே முதல் முறை. இப்போது, 'உள்ளூர்ப் பயிற்றுநர் இவ்வளவுதான்' என்ற குரல் கேட்கத் தொடங்கியிருக்கிறது. இந்தத் தீர்ப்பு சரியா என்பதை உணர்ச்சிவசப்படாமல் ஆராய்வது நல்லது.

முதலில் அவர் கடந்து வந்த பாதை. குவைத்தில் 1977-இல் பிறந்த காலித், வளைகுடாப் போரையொட்டிக் குடும்பத்துடன் மும்பைக்கு வந்தவர். மகிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, மும்பை எஃப்.சி. ஆகிய அணிகளில் நடுக்கள வீரராக ஆடினார். இந்திய அணியிலும் இடம் பெற்றார். காயங்கள் அவரது ஆட்ட வாழ்வைச் சுருக்கிவிட்டன. 2009-இல் மும்பை எஃப்.சி.யின் பயிற்றுநரானார். பெரிய முதலீடு இல்லாத அக்கழகத்தை ஏழாண்டுகள் தேசிய லீக்கின் முதல் பிரிவிலேயே நிலைக்கச் செய்தார். கோப்பை எதுவும் இல்லை. ஆனால், குறைந்த வளத்தைக் கொண்டு நிறைந்த பயன் பெறுவது எப்படி என்ற பாடத்தை அங்குதான் அவர் கற்றார்.

அந்தக் கல்வியின் பயன் 2017-இல் தெரிந்தது. மிசோரத்தின் ஐஸால் எஃப்.சி. முந்தைய பருவத்தில் தரமிறக்கப்பட்ட அணி. கோவா கழகங்கள் சில லீக்கிலிருந்து விலகியதால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அந்த அணியைக் காலித் அதே பருவத்தில் ஐ-லீக் வாகையராக்கினார். 2017 ஏப்ரல் 30-இல் ஷில்லாங்கில் 1-1 என்ற சமநிலையுடன், மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றுக் கோப்பை வடகிழக்கிற்கு முதன்முறையாகச் சென்றது. பின்னர் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டையும் நடத்தினார். 2021-இல் பருவத்தின் பாதியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியை ஏற்று, ஐ.எஸ்.எல். அரையிறுதிக்கு அழைத்துச் சென்றார். அதே ஆண்டு, ஐ.எஸ்.எல். கழகம் ஒன்றின் முதல் முழுநேர இந்தியத் தலைமைப் பயிற்றுநரானார். அடுத்து ஜாம்ஷெட்பூரை 2024-25 பருவத்தில் அரையிறுதிக்கும், சூப்பர் கோப்பையின் இறுதிப் போட்டிக்கும் கொண்டு சென்றார். 16 ஆண்டுக் கழகப் பணிக்குப் பிறகே தேசிய அணி அவரிடம் வந்தது.

தேசிய அணியுடனான தொடக்கமும் சோர்வளிப்பதாக இல்லை. மத்திய ஆசிய நாடுகளுக்கான கோப்பையில் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என வென்றது இந்தியா. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், தரவரிசையில் 50 இடங்களுக்கு மேல் முன்னிருந்த ஓமனைப் பெனால்டி முறையில் வீழ்த்தியது. மோகன் பகான் கழகத்து வீரர்கள் இல்லாமலேயே இது நடந்தது.

அப்படியானால் அக்டோபரில் என்ன நேர்ந்தது? இங்கேதான் களத்துக்கு வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு வணிக உரிமைகளை வழங்கியது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியுடன் முடிந்தது. புதுப்பிப்பது குறித்த இழுபறியால் ஐ.எஸ்.எல். பருவம் 2025-இல் தொடங்கவே இல்லை. 2025 ஏப்ரல் 12-இல் நடந்த இறுதிப் போட்டிக்குப் பின் அவ்வாண்டில் நாட்டின் முதன்மை லீக்கில் ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை. புதிய ஒப்பந்தப்புள்ளியில் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 37.5 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். நவம்பர் 7-ஆம் தேதிக் கெடு முடிந்தபோது ஒரு நிறுவனமும் முன்வந்திருக்கவில்லை. விற்பவர் சொன்ன விலைக்கு வாங்குவோர் எவருமே இல்லை என்றால், சந்தை அந்தச் சரக்கைப் பற்றி ஏதோ சொல்கிறது என்றே பொருள்.

கழகங்கள் சில பயிற்சியையே நிறுத்தின. ஊதியம் நிச்சயமில்லை. இத்தகைய சூழலில் வீரர்களைத் திரட்டி, சில நாள் முகாமில் தயார்செய்து, முறையான லீக் நடத்தும் நாட்டின் அணியோடு மோதவிட்டு, தோல்விக்கு முழுப் பொறுப்பையும் பயிற்றுநர் மீது ஏற்றுவது கணக்கியல் முறைப்படியே தவறு. மழை பொய்த்த ஆண்டின் விளைச்சலை வைத்து உழவரின் திறனை மதிப்பிடுவதற்கு ஒப்பானது அது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 2019, 2023 ஆசியக் கோப்பைகளுக்கு இந்தியா தகுதி பெற்றது வெளிநாட்டுப் பயிற்றுநர்களின் காலத்தில்தானே என்று கேட்கலாம். உண்மைதான். கான்ஸ்டன்டைனும் குரோவேஷியாவின் இகோர் ஸ்டிமாச்சும் அதைச் செய்தனர். ஆயினும் இருவருக்கும் முறையே நான்கு, ஐந்து ஆண்டுகள் கிடைத்தன. லீக்கும் தடையின்றி நடந்தது. அப்படியிருந்தும் கத்தாரில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் இந்தியா ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது. 2024 ஜூனில் ஸ்டிமாச் நீக்கப்பட்டபோது, ஒப்பந்தத்தை முறித்ததற்கு 4 லட்சம் டாலர், அதாவது 3 கோடி ரூபாய்க்கு மேல், இழப்பீடு தர வேண்டியதாயிற்று. அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ், கோவா கழகத்தையும் தேசிய அணியையும் ஒருசேரக் கவனித்தார். இந்தத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்துடன் 0-0, ஹாங்காங்கிடம் 0-1 என்ற முதல் இரு முடிவுகளும் அவர் காலத்தவை. பாதி தோற்ற கணக்கைத்தான் காலித் கையில் கொடுத்தோம்.

ஒப்பிடுவதற்கு நம் நாட்டிலேயே வேறு இரண்டு அணிகள் உள்ளன. கிறிஸ்பின் செத்ரியின் பயிற்சியில் இந்திய மகளிர் அணி 2025 ஜூலை 5-இல் தாய்லாந்தை அதன் மண்ணில் 2-1 என வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பையில் இடம் பிடித்தது. 2025 நவம்பர் இறுதியில் அகமதாபாத்தில், பிபியானோ பெர்னாண்டஸின் 17 வயதுக்குட்பட்டோர் அணி ஈரானை 2-1 என வீழ்த்தி ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. இரு அணிகளுக்கும் நீண்ட பயிற்சி முகாம் கிடைத்தது. அப்போது மூன்று அணிகளின் பயிற்றுநர்களும் இந்தியர்களாகவே இருந்தனர். இரண்டு வென்றன, ஒன்று தோற்றது. எனவே வேறுபாட்டைப் பயிற்றுநரின் கடவுச்சீட்டில் தேடுவதில் பயனில்லை. தயாரிப்புக்குக் கிடைத்த காலத்தில் தேட வேண்டும்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நொறுங்கியது. பயிற்றுநர், ஹைதராபாத்தின் பள்ளி ஆசிரியரான சையது அப்துல் ரஹீம். அவரை நீக்கவில்லை. 1956 மெல்போர்னில் அதே ரஹீமின் அணி நான்காம் இடம் பெற்றது. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்றது.

கடல் கடந்த தமிழர் வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. மலேசியாவின் கே. ராஜகோபால் அந்நாட்டுக்கு ஆடிப் பின்னர் பயிற்றுநரானவர். 2009-இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குக் கால்பந்துத் தங்கம் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டு தென்கிழக்காசியக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்ற படுதோல்வி. டிசம்பர் 26-இல் அதே இந்தோனேசியாவைக் கோலாலம்பூர் இறுதி ஆட்டத்தில் 3-0 என வென்று, இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 4-2 எனக் கோப்பையைக் கைப்பற்றினார். மலேசியா அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. முதல் நாள் இரவிலேயே தீர்ப்பு எழுதியிருந்தால் அந்த வெற்றி வந்திராது.

உலகமே கொண்டாடும் இத்தாலியரான கார்லோ ஆன்செலோட்டியின் கணக்கையும் பார்க்கலாம். மிலான் அணியின் வீரராக 1989, 1990-இல் ஐரோப்பியக் கோப்பை வென்றவர். 1994 உலகக் கோப்பையில் இத்தாலி அணியின் துணைப் பயிற்றுநர். 1995-இல் இரண்டாம் பிரிவுக் கழகமான ரெஜ்ஜியானாவில் தலைமைப் பயிற்றுநராகத் தொடங்கினார். யுவென்டஸில் லீக் பட்டம் வெல்லாததால் வெளியேற்றப்பட்டார். பயிற்றுநராக முதல் ஐரோப்பியக் கோப்பை 2003-இல்தான் வந்தது. பின்னர் அது ஐந்தாகப் பெருகியது. 2025-இல் பிரேசில் அவரை அழைத்தது. 1930 முதல் 2022 வரை நடந்த 22 உலகக் கோப்பைகளில் ஒன்றைக்கூட வேற்று நாட்டுப் பயிற்றுநர் வென்றதில்லை என்பதையும் அத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

திண்டுக்கல்லில் வாழும் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஐஸால் வெற்றிக்குப் பின்னுள்ள எண்ணிக்கை ஒன்றே போதும். 2011 கணக்கெடுப்பின்படி மிசோரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 11 லட்சம். திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 21 லட்சத்துக்கும் மேல். நம் மாவட்டத்தில் பாதி அளவான ஒரு மாநிலம் இந்தியாவின் வாகையரை உருவாக்கியது. அங்கு 2012-இல் தொடங்கிய மாநில லீக்கும், அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியும் காலித்துக்கு வீரர்களைத் தயாராக வைத்திருந்தன.

நம் பகுதியில் விளையாட்டு ஆர்வத்துக்குக் குறைவில்லை. நத்தத்தில் உள்ள கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கின்றன. அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் அணி 2024-இல் கோப்பையும் வென்றது. மைதானமும் ஒளிவிளக்கும் ஒளிபரப்பும் வந்ததும் ஊர் திரண்டது. பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்று காட்டியது. ஆனால், மாலையில் பள்ளி மைதானங்களில் பந்தை உதைக்கும் நம் சிறுவருக்கு ஆண்டு முழுவதும் நடைபெறும் லீக் இல்லை. பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. குறியீடு மட்டும் பட்டறையைக் காப்பாற்றாது, தொடர்ந்து வேலை வந்தால்தான் கைத்திறன் நிலைக்கும் என்பதை இவ்வூர்ப் பூட்டுத் தொழிலாளர் அறிவர். பயிற்றுநர் தொழிலுக்கும் அதே விதிதான்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவது, காலித் ஜமீலை அவரது ஒப்பந்தக் காலம் முழுதும் பணியாற்ற விட வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் தீர்ப்பு எழுதாமல், ஆண்டுக்கு ஒரு முறை வெளிப்படையான அளவுகோல்களின்படி மதிப்பிட வேண்டும். தற்காப்பையே பெரிதும் நம்புகிறார், வீரர்களைத் தேர்வதில் தயங்குகிறார் என்ற விமர்சனங்களுக்கு அவர் அங்கு பதில் சொல்லட்டும். இரண்டாவது, லீக்குக்கான வணிக ஏற்பாட்டை இனியும் தள்ளிப்போடலாகாது. எதிர்பார்க்கும் விலை சந்தைக்கு ஒவ்வவில்லையெனில் விலையைக் குறைத்தேனும் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ஆடாத லீக்கின் மதிப்பு நாளுக்கு நாள் தேயும். மூன்றாவது, ரஹீம் ஓர் ஆசிரியர் என்பதை நினைவில் கொண்டு, மாவட்டந்தோறும் உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தொடக்கநிலைப் பயிற்றுநர் உரிமப் படிப்பைத் தமிழிலேயே தமிழ்நாடு அரசு அளிக்கலாம். ஒரு பயிற்றுநரை நீக்கத் தந்த 3 கோடி ரூபாயில் எத்தனை மாவட்டங்களில் சிறுவர் லீக் நடத்தலாம் என்பதைக் கூட்டமைப்பு கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

தகுதிச் சுற்றில் 2026 மார்ச்சில் ஹாங்காங்குடனான ஆட்டம் மட்டுமே எஞ்சியிருந்தது. அதன் முடிவு எதுவாயினும் ஆசியக் கோப்பைக் கதவு திறக்காது என்பதே நிலையாக இருந்தது. எனினும், காலித் ஜமீலுக்குப் பயிற்றுநர் இருக்கையில் எவ்வளவு காலம் தரப்படுகிறது என்பதை இந்நாட்டின் ஒவ்வொரு இளம் பயிற்றுநரும் கவனித்துக்கொண்டிருப்பார். 16 ஆண்டு உழைப்புக்குக் கிடைக்கும் அவகாசம் நான்கே மாதம் என்றால், இத்தொழிலுக்கு வர யார் துணிவர்?