"சமுதாயம்" என்றால் ஊரா, தெருவா?

தூத்துக்குடிப் பக்கம் "சமுதாயம்" என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். மேடையில் மைக் பிடித்துச் சொன்னால் அது எல்லோரையும் குறிக்கும். டீக்கடையில் "அவுக எந்தச் சமுதாயம்?" என்று கேட்டால் அது வேறு சமாச்சாரம் :-) ஒரு ஊருக்குப் புதிதாக உயர்நிலைப் பள்ளி வரும்போது "சமுதாய ஒற்றுமையுடன் பள்ளியை வளர்ப்போம்" என்று பேசாத ஆளே இருக்க மாட்டார். எந்த அர்த்தத்தில் பேசுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

புதுப் பள்ளி என்றதும் புதுக் கட்டிடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டிருந்த நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்துவார்கள். இந்த வருடம் ஒன்பது, அடுத்த வருடம் பத்து. ஆய்வகம் பிறகு வரும், மைதானம் அதற்கும் பிறகு. கணக்கு வாத்தியார் எப்போது வருவார் என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்த முதல் ஒன்பதாம் வகுப்புக்கு சீனியர் கிடையாது, "எங்க ஸ்கூல்ல இப்படித்தான்" என்று சொல்லிக்கொள்ள ஒரு பழக்கமும் கிடையாது. எல்லாம் அவர்கள் ஆரம்பித்து வைப்பதுதான்.

அந்த வகுப்பறையில் இன்னொன்றும் நடக்கிறது. தொடக்கப் பள்ளி தெருவை ஒட்டி இருக்கும். அங்கே ஐந்து வருடம் கூடப் படித்தவர்கள் அனேகமாக அந்தத் தெருப் பிள்ளைகள்தான். ஒன்பதாம் வகுப்பில்தான் சுற்றுவட்டாரமே வந்து சேருகிறது. விடியும் முன்னே உப்பளத்துக்குக் கிளம்புகிற அம்மாவின் மகள், கடலுக்குப் போகிறவரின் மகன், தேரிக்காட்டில் பனை ஏறுகிறவரின் பேரன், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவரின் பையன் எல்லோரும் ஒரே டவுன் பஸ்ஸில் வந்து, ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். பதினான்கு வயது. கையில் கலர் கலராகக் கயிறு ஏறுகிற வயதும் அதுதான்.

கயிறு சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சாதி அடையாளக் கயிறு கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சொல்லி 2019-ல் பள்ளிக் கல்வித் துறையில் இருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு வந்ததும் அது அமுங்கிவிட்டது. நான்கு வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியின் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவருடைய பள்ளி மாணவர்கள்! 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சைக்குப் போன பிளஸ் ஒன் மாணவரை பஸ்ஸில் இருந்து இழுத்துப் போட்டு வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

சரி, ஒரு சமுதாயம் ஒன்றுசேர்வதே தப்பா? அப்படிச் சொல்ல முடியாது. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை நாடார் வீடுகளில் தினமும் ஒரு கைப்பிடியாக எடுத்து வைத்த அரிசிதான் தாங்கியது. பிடி அரிசி என்று அதற்குப் பெயர். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் கொடுத்த மகமையும் சேர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் பிடித்த மீனில் ஒரு பங்கைத் தெறிப்பு என்று கோவிலுக்குக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் உட்பட ஊர்க் காரியங்கள் பலவும் அதில்தான் நடந்தன. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது, கொடுக்கிற பழக்கம் நிற்கவில்லை. வணிகவியல் பாடத்தில் மூலதனம் திரட்டுவது பற்றி எத்தனையோ அத்தியாயம் வருகிறது. பிடி அரிசி மாதிரி ஒரு முறை அதில் இல்லை. ஏழை வீட்டுக்கும் ஒரு பிடி, பணக்கார வீட்டுக்கும் ஒரு பிடி. யாரும் பெரிய பங்குதாரர் கிடையாது.

ஆனால் அவை ஒரு சமுதாயம் தன் கையில் இருந்ததைப் போட்டு எழுப்பியவை. ஊருக்குப் பொதுவான அரசுப் பள்ளியை அந்த மாதிரி ஒரு தெரு மட்டும் சுமந்தால் அது அந்தத் தெருவின் பள்ளி ஆகிவிடும். இதைக் காமராஜர் ஆட்சி புரிந்துகொண்டிருந்தது. 1956-ல் மதிய உணவுத் திட்டத்தை அவர் தொடங்கி வைத்தது இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிற எட்டயபுரத்தில். ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் நன்கொடையில்தான் அடுப்பு எரிந்தது. 1958-ல் இருந்து கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். முடிந்தவர் நிலம் கொடுத்தார், முடியாதவர் ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், இரண்டு செட் துணி கொடுத்தார். எல்லாத் தெருவும் வர வேண்டும், அதுதான் கணக்கு.

பிற்பாடு இது எப்படி ஆனது? உயர்நிலைப் பள்ளியாக உயர்த்த வேண்டுமானால் பொதுமக்கள் பங்களிப்பாக 1 லட்சம் ரூபாய், மேல்நிலை என்றால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விதி பல வருடம் இருந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட விதியாக இருக்கலாம். ஆனால் ஒரு லட்சத்தை ஒரே ஆள் செக் எழுதிக் கொடுத்துவிட முடியும். அப்புறம் வாசலில் அவர் பெயரில் கல்வெட்டு, ஆண்டு விழாவில் அவருக்கு நடு நாற்காலி. பொதுமக்கள் எங்கே போனார்கள்? இன்னொன்று, வசூல் நடப்பது பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற வீட்டில் நோட்டு வாங்கவே காசு இருக்காது. அந்த வீட்டுக்காரரிடம் நன்கொடை நோட்டை நீட்டினால் அவர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார் :-( தை மாதம் கேட்டால் தருவார். பணமாக வேண்டாம், மைதானத்தில் முள் வெட்ட ஒரு நாள் வாருங்கள் என்றால் ஜூனிலேயே வருவார்.

மாணவர்கள் பக்கம் என்ன செய்யலாம் என்பதற்கு நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் எளிய யோசனைகள் இருக்கின்றன. கயிறு, மோதிரம், சைக்கிளில் சாதிக் கலர் எதுவும் கூடாது. வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். பெஞ்சு மாற்றினால் சாதி போய்விடுமா என்று சிரித்தவர்கள் உண்டு. ஐம்பது வருடப் பழக்கம் ஊறிய பள்ளியில் இது கஷ்டம்தான். ஆனால் போன வாரம் திறந்த ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பெஞ்சு யாருடையது என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லையே! முதல் நாளே வருகைப் பதிவேட்டைப் பார்த்து உட்கார வைத்தால், அடுத்த வருடம் வருகிறவர்களுக்கு அதுதான் "எங்க ஸ்கூல்ல இப்படித்தான்".

கபடி அணியும் அப்படித்தான். இந்த மாவட்டத்து மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். அவர் கதையைத் தழுவி வந்த 'பைசன் காளமாடன்' படத்தை 2025 தீபாவளிக்கு எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் ஊர்களில் அணி பிரிவது தெருவாரியாக, அதனால் தோல்வியும் தெருவுக்கே போய்ச் சேருகிறது. பள்ளியில் பதிவேட்டு வரிசைப்படி ஏழு ஏழு பேராகப் பிரித்தால் எந்த அணி தோற்றாலும் எல்லாத் தெருவும் தோற்கும். தடுப்பவர்கள் கையோடு கை கோத்து நிற்கிற ஆட்டம் வேறு.

சோற்றில் வருவதுதான் கடைசிச் சிக்கல். 2023 செப்டம்பரில், அதே எட்டயபுரம் பக்கத்தில் உசிலம்பட்டி கிராமப் பள்ளியில், காலை உணவைச் சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழி எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. தடுத்தவர்கள் பெரியவர்கள். அமைச்சர் தினமும் வர மாட்டார். அந்த மாதிரி ஊர்ப் பிள்ளைகள்தான் எட்டு முடித்து, பக்கத்தில் எங்காவது புதிதாகத் திறந்த ஒன்பதாம் வகுப்புக்குத் தட்டோடு வருகிறார்கள். மதிய வரிசையில் அவர்களுக்கு முன்னால் யார் நிற்க வேண்டும், பின்னால் யார் நிற்க வேண்டும் என்பதையும் அந்தப் பதிவேடே சொல்லட்டும்.